புகையில்லாத மெழுகுவர்த்தி

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். மெழுகுவர்த்தி. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரத்தான் செய்தது. ஆனால் மெழுகுவர்த்தியின் மேல் வந்தது.

சந்தேகப்படுவது என் பிழைப்பு. போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனியில் காய் பொறுக்குகிறேன். மலைத் தோட்டங்களிலிருந்து மூட்டையில் வரும் காயை மேசையில் கொட்டி, வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது, பூஞ்சணம் பிடித்தது என்று பிரித்து ஒதுக்க வேண்டும். பச்சை நிறம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ஈரத் துணியில் தேய்த்துப் பார்ப்பேன், சாயம் ஒட்டுகிறதா என்று. மூட்டையின் வாயில் பருங்காயாக இருந்தால் அடிவரை கையை விட்டு ஒரு பிடி அள்ளுவேன். மேலே இருக்கும் காயும் அடியில் இருக்கும் காயும் ஒன்றாக இருந்த மூட்டையை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தப் புத்தி கம்பெனி வாசலில் செருப்போடு கழன்று விழுவதில்லை, வீட்டுக்கும் கூடவே வருகிறது. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் போனில் சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால், என்ன சாப்பிட்டாய், தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்காமல் விடமாட்டேன்.

வீட்டுக்காரர் இருபது வருடத்துக்கு மேல் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தின் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயைக் காய வைக்கிற கட்டடம். விறகைத் தள்ளித் தள்ளி அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் புகை வெளியே போகாமல் இவர்கள் நெஞ்சுக்குள் போகும். அது போதாதென்று குளிருக்குப் பீடி வேறு. இவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். சோறு மட்டும்தான் வலது கையில், விறகு தள்ளியதும் பீடி பிடித்ததும் இடது கையில்தான். திங்கட்கிழமை ஜீப்பில் ஏறிப்போய் சனிக்கிழமை இறங்கி வருவார். கடைசியில் ஒரு சனிக்கிழமை இறங்கி வந்தவர், ஜீப்பிலிருந்து வீட்டுக்கு நடக்க முடியாமல் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார்.

தேனியில் காட்டினோம். நெஞ்சு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார்.

"அம்மா, இனிமே ஒரு பொட்டுப் புகை உள்ள போகக் கூடாது. இருக்கிற நுரையீரலைக் காப்பாத்திக்கிட்டா பல வருஷம் ஓட்டலாம். மறுபடி புகை போச்சுன்னா நான் எதுவும் சொல்ல முடியாது."

ஆஸ்பத்திரி வாசலிலேயே சட்டைப்பையிலிருந்த பீடிக் கட்டை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். எனக்கு அன்றைக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. வீட்டுக்கு வந்து மீதியை நான் பார்த்துக்கொண்டேன். கொசுவத்தி, ஊதுவத்தி, சாம்பிராணி எல்லாம் வெளியே போயின. தெருமுனைப் பெட்டிக்கடை அண்ணனிடம், இவருக்குப் பீடி கொடுத்தால் கடை முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவேன் என்று சொல்லி வைத்தேன். சாமி விளக்குக்கு நல்லெண்ணெய் மட்டும்தான், அதுவும் நான் பக்கத்தில் இருக்கும்போதுதான். தீப்பெட்டி அரிசி டப்பாவுக்குள் போனது. வேலைக்குப் போகும்போது கேஸ் அடுப்பின் லைட்டர் என் பையில் வரும். தினமும் அவருடைய சட்டைப்பை, தலையணை உறை, மெத்தைக்கு அடி எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததும் எனக்கு ஒரு குறையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் மகள் ஒரு மெழுகுவர்த்தி அனுப்பினாள். கண்ணாடிக் குவளையில் வெள்ளை மெழுகு, தகர மூடி, சின்ன அட்டைப்பெட்டி. இயற்கையான சோயா மெழுகு, புகை வராது, ஏலக்காய் வாசம் என்று போட்டிருந்தது. அப்பாவுக்கு மலை ஞாபகம் வரும் என்று எழுதியிருந்தாள். நான் முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை.

"ஏலக்காய்னு போட்டு ஏமாத்தியிருக்கான்" என்றேன்.

அவர் வாங்கி முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "ஸ்டோர்க் கதவத் தொறந்த மாதிரி இருக்கு" என்றார்.

தப்பு குவளையில் இல்லை, என் மூக்கில். காய் பொறுக்குகிறவளுக்கு ஏலக்காய் வாசம் தெரியாது. பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. நாள் முழுவதும் அதிலேயே இருந்துவிட்டு வந்தால், சாயங்காலம் மூக்கில் வேறு எதுவும் ஏறாது. குழம்பு அடிப்பிடித்தால்கூடக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ராத்திரி தூங்கி எழுந்தால் மூக்கு கொஞ்சம் திரும்பி வரும், ஒரு நாள் லீவு போட்டால் முழுசாக வரும். இது எங்கள் கம்பெனியில் எல்லாப் பொம்பளைகளுக்கும் உள்ளதுதான். அவருக்கும் இது நன்றாகத் தெரியும்.

வாசம் போகட்டும், புகை வராது என்று எழுதியிருந்ததை நான் நம்பவில்லை. சோயா என்றால் எனக்குத் தெரிந்தது மீல் மேக்கர். அதைப் பிழிந்தால் மெழுகு வருமா? மகள் கைக்குழந்தையாக இருந்தபோது விளக்குக் கரியில் அவளுக்குக் கண்மை பிடித்த மாதிரியே செய்தேன். மெழுகுவர்த்தியை ஏற்றி, சுடருக்கு மேலே எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டின் நடுவில் பொட்டு வைக்கிற அளவுக்குக் கரி படிந்துவிட்டது. அட்டைப்பெட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், சோயாவும் வேறு மெழுகும் கலந்தது என்று இருந்தது. மூட்டையின் வாயில் பருங்காய், அடியில் சருகு. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அதைக் கொண்டுபோய் வெளியே போட்டேன்.

அவர் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள்தான் கேட்டார்.

"கலப்படம் இல்லாதது கெடைக்காதா? ஒன்னு வாங்கிக் கொண்டாயேன். பகலெல்லாம் சும்மா கெடக்கேன். அந்த வாசம் இருந்தா நெஞ்சுக்குக் கொஞ்சம் எதமா இருக்கு."

நகை வாங்கித் தரவும் தெரியாமல், தனக்கென்று ஒரு வேட்டி கேட்கவும் தெரியாமல் இருந்த மனுசன் கேட்கிறார். நான் உருகிப் போனேன்.

தேனியில் ஒரு பெரிய கடையில் பார்த்தேன். விற்கிற பையன் எல்லாமே இயற்கைதான் மேடம் என்றான். அப்படிச் சொல்கிற கடையில் நான் எதையும் வாங்குவதில்லை. பிறகு தேவாரம் ரோட்டுப் பக்கம் ஒரு பெண் வீட்டு முன்னறையிலேயே சோயா மெழுகுவர்த்தி ஊற்றி விற்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். முப்பது வயதுக்குள் இருக்கும், கையெல்லாம் மெழுகு. முதலில் மெழுகு மூட்டையைக் காட்டச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே காட்டினாள். தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளையாக இருந்தது. நான் வழக்கம்போல அடிவரை கையை விட்டு ஒரு பிடி எடுத்தேன். அடியிலும் அதேதான்.

"இது எப்படி மெழுகாகும்?"

"சோயா எண்ணெயக் கெட்டியாக்குறதுக்கா. டால்டா எப்படி, அப்படித்தான். கைல பட்டாலும் சுடுதண்ணியும் சோப்பும் போட்டாப் போயிரும். பெட்ரோல்ல எடுக்கிற மெழுகு அப்படிப் போகாது."

உடனே உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றச் சொல்லி, அவள் வீட்டுக் குழாயடியிலேயே கழுவிப் பார்த்தேன். போனது. திரிக்குள் கம்பி இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன். வெறும் பருத்தி நூல். பையில் கொண்டுபோன எவர்சில்வர் தட்டை வெளியே எடுத்தபோதுதான் அவள் சிரிப்பதை நிறுத்தினாள். எரிகிற மெழுகுவர்த்திக்கு மேலே பிடித்து, வெகு நேரம் கழித்துத் திருப்பிப் பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வாசமில்லாதது ஒன்றை அட்டைப்பெட்டியில் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "இது எதுக்கு?" என்று மூடிவிட்டார். அடுத்த ஞாயிறு மறுபடி போய் ஏலக்காய் வாசம் போட்டதை வாங்கி வந்தேன். முதல் தடவை மேல்பரப்பு முழுக்க உருகும்வரை எரியவிட வேண்டும், சீக்கிரம் அணைத்தால் நடுவில் குழி விழுந்துவிடும் என்று அவள் சொல்லியனுப்பியதை வீட்டில் சொன்னேன். கரண்டு பில் கட்டச் சொன்னால் மறந்துவிடுகிறவர், இதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"மூணு மணி நேரமாச்சும் எரியணும். நீ சோலிக்குப் போகும்போது ஏத்தி வச்சுட்டுப் போ. நான் மூடி போட்டு அமத்திக்கிறேன்."

அப்படித்தான் வழக்கமானது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் குவளையை வைத்து, ஜன்னலோரம் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைப்பேன். அரிசி டப்பாவிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஏற்றிவிட்டு, பெட்டியைத் திரும்ப ஒளித்துவிட்டுக் கிளம்புவேன். நான் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார், செருப்பு மாட்டும்போது "மெழுகுவர்த்தி" என்று குரல் வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டதில்லை. ஏன் என்றால், "நீதான் இருக்கியே, அது எதுக்கு" என்பார். அதை நான் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் முழுக்க அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டே காய் பொறுக்கியிருக்கிறேன்.

இரண்டாவது குவளை வாங்கிய சில நாளில் மெழுகின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறியது. ஈரத்தோடு மூட்டை கட்டினால் காயில் இப்படித்தான் பூஞ்சணம் பிடிக்கும், அந்த மூட்டையையே தள்ளிவிடுவோம். குவளையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன்.

"பழைய சரக்கத் தலைல கட்டிட்ட. நெஞ்சு நோயாளி இருக்கிற வீட்டுக்குப் பூஞ்சணம் புடிச்சதக் குடுக்கலாமா?"

"அது பூஞ்சணம் இல்லக்கா. சுத்தமான சோயா மெழுகு ஆறும்போது அப்படித்தான் பூக்கும். கலப்படம் போட்டாத்தான் வழுவழுன்னு இருக்கும்."

பொறுக்குகிற மேசையில் நான் எதைப் பார்த்துத் தள்ளுவேனோ, அதுதான் இங்கே நல்ல சரக்குக்கு அடையாளம் என்கிறாள். அரைமனதாகத் திரும்பினேன். நல்ல பதில்தான், ஆனால் தயாராக வைத்திருந்த பதில் மாதிரி இருந்தது.

மழை தொடங்கும் நேரத்தில் அவரை மறுபடி தேனிக்குக் கூட்டிப்போனேன். குழாயில் ஊதச் சொன்னார்கள். போன தடவையைவிடக் குறைவாக ஊதினார். டாக்டர் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள எங்கேயோ புகை இருக்கும்மா. நல்லா யோசிச்சுப் பாருங்க."

இவர் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. வீட்டில் எரிவது ஒன்றுதானே? பஸ்சில் வரும் வழியெல்லாம் அவர் மூச்சையே எண்ணிக்கொண்டு வந்தேன். அவர் இல்லாமல் போய்விடுவார் என்ற நினைப்பு அன்றைக்குத்தான் முதல்முதலாக உடம்பில் ஏறியது. பயம் வந்தால் எனக்கு அழத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும். அவரை வீட்டில் படுக்க வைத்துவிட்டு நேராக அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன்.

அங்கே கொலுவுக்கு வைக்கவோ எதற்கோ மெழுகுவர்த்தி பார்த்துக்கொண்டு இரண்டு பெண்கள் நின்றார்கள். நான் அவர்களைப் பொருட்படுத்தவில்லை.

"காட்டுறதுக்கு ஒன்னு, விக்கிறதுக்கு ஒன்னு வச்சிருக்க. என் வீட்டுக்காரர் நெஞ்சுல ஒன் கரிதான் படிஞ்சிருக்கு. டாக்டரே சொல்லிட்டாரு."

அந்தப் பெண்களில் ஒருத்தி கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள். இருவரும் போய்விட்டார்கள். இவளுக்கு முகம் சிவந்து கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் தணிந்தே இருந்தது.

"எரிஞ்ச குவளையக் கொண்டாங்கக்கா. எப்படி எரிஞ்சிருக்குன்னு பாத்தா எனக்குத் தெரியும். என் சரக்குல தப்புன்னா நானே டாக்டர்ட்ட வந்து சொல்றேன்."

வெரசாக வீட்டுக்கு வந்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஜன்னலோரம் இருந்த குவளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடியில் கரி இல்லை. மெழுகு பாதிக்கு இறங்கி, தட்டையாக உறைந்து கிடந்தது. அதன் ஓரத்தில் தவிட்டு நிறத்தில் நாலைந்து தூசி. வேறு யாரென்றாலும் தூசி என்று விட்டுவிடுவார்கள். குவியலில் ஒரே ஒரு கறுப்புக் காய் கிடந்தாலும் என் கை தானாகப் போகும். ஊக்கைக் கழற்றி ஒவ்வொன்றாகக் கிளறி உள்ளங்கையில் வைத்தேன். ஒன்று கருகிய இலைத் துணுக்கு. மற்றவை புகையிலைத் தூள்.

அன்றைக்கு நான் லீவு. மூக்கு வேலை செய்தது. குவளையை முகத்துக்குக் கொண்டுபோனேன். மாதக்கணக்கில் தினமும் என் கையால் ஏற்றிய அந்த ஏலக்காய் வாசத்தை முதல் தடவையாக நின்று நிதானமாக முகர்ந்தேன். நல்ல வாசம்தான். அதற்கு அடியில் பீடி.

அட்டைப்பெட்டி நினைவுக்கு வந்தது. காலிப் பெட்டிகளை அவர் பத்திரமாக அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். வீட்டில் எல்லாவற்றையும் சோதித்த நான் அவற்றைத் தொட்டதில்லை, வாங்கும்போதே சோதித்துவிட்டேன் என்று. இரண்டாவது பெட்டிக்குள் ஒரு பீடிக் கட்டு இருந்தது. புதன்கிழமை தோறும் மேலேயிருந்து ஜீப்பில் இறங்கி, இவரைப் பார்த்துவிட்டுப் போகிற பழைய சிநேகிதர் ஒருத்தர் உண்டு. நான் இல்லாத நேரத்தில் வந்தாலும், அவர் வந்ததை இவரே சொல்லிவிடுவார். ஏலக்காய்ப் பழம் கொண்டுவந்தான், மிளகு கொண்டுவந்தான் என்பார்.

உள்ளங்கையை விரித்தபடியே அவர் கட்டில் பக்கத்தில் நின்றேன். அவர் தூங்கவில்லை. திரும்பி என் கையைப் பார்த்தார்.

"எத்தன நாளா?" என்றேன்.

"நீ மொத மொதல்ல ஏத்தி வச்சுட்டுப் போன நாள்லருந்து."

தீப்பெட்டியை அரிசிக்குள் ஒளித்தவளும் நான்தான். தினமும் காலையில் குளித்து, பொட்டு வைத்து, அவருக்குப் பீடி பற்ற நெருப்பை வைத்துவிட்டு, அது மூன்று மணி நேரம் நிற்குமா என்றும் பார்த்துவிட்டுப் போனவளும் நான்தான். எனக்குக் கத்த வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தீப்பெட்டி வச்சா குச்சி கெடக்கும், நீ கண்டுபிடிச்சுருவ" என்றார் அவர். மூச்சு வாங்கியது. "மேல பன்னெண்டு பேரு இருப்போம். அடுப்பச் சுத்தி ஒக்காந்தா விடியறது தெரியாது. இங்க காலைல நீ கதவச் சாத்துனா, சாயந்தரம் வரைக்கும் ஒரு சத்தம் கெடையாது. பீடி இல்லாட்டி சாரமில்ல. ஆனா அத ஒன்னப் பத்த வச்சா யாரோ கூட ஒக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

சாரமில்ல என்பது அவர் மலையிலிருந்து கொண்டுவந்த மலையாளம். பரவாயில்லை என்று அர்த்தம். எனக்குப் பரவாயில்லை என்று இருக்கவில்லை.

"நீங்க போயிட்டா நான் யார்கூட ஒக்காருவேன்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து, என் உள்ளங்கையில் இருந்த தூளைத் தன் கையால் தட்டிவிட்டார். பீடிக் கட்டை நான் தண்ணீர் வாளியில் முக்கினேன். புதன்கிழமை கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டு ஜீப்பில் வருகிற அந்தச் சிநேகிதரை வாசலிலேயே மறித்தேன். அவரிடம் பேசியதை எழுத முடியாது. இப்போதும் புதன்கிழமை வருகிறார், மிளகு மட்டும் கொண்டுவருகிறார், பையை என்னிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார். என் மேசையில் பொறுக்க வேண்டிய காயில் ஒரு மூட்டையை இப்போது வீட்டுக்கே வாங்கி வந்துவிடுகிறேன், மத்தியானத்துக்கு மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறேன். அவரும் வெடித்த காயை எடுத்துப் போடுகிறார். சரியாகத்தான் போடுகிறார், இருந்தாலும் நான் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

மெழுகுவர்த்திக்காரியிடம் போக எனக்கு ஒரு வாரம் ஆனது. நடந்ததைச் சொன்னேன். நான் சந்தேகப்பட்டது தப்பு என்றேன். அந்தச் சொல்லை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. அன்றைக்கு நின்ற இரண்டு பெண்களையும் கூப்பிடு, அவர்கள் முன்னாலேயே சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

"அவங்க அப்புறம் வரவே இல்லக்கா" என்றாள். பிறகு, "அண்ணனுக்கு மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

வாசமில்லாதது இரண்டு வாங்கினேன். தட்டைக் கொண்டுபோகவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில், நான் இருக்கும்போது ஏற்றுகிறோம், நான்தான் மூடி போடுகிறேன். போன மாதம் தேனியில் அவர் கொஞ்சம் கூடுதலாக ஊதினார். டாக்டர் நல்லது என்றார். நான் தாளை வாங்கி நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன், ஏலக்காய் இன்னும் ஏறாத மூக்கோடு, அவர் விரல்களை முகர்ந்து பார்க்கிறேன். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் பீடி வாசம் விரலை விட்டுப் போகாது. முதல் சில நாள் அவருக்குக் கோபம் வந்தது. இப்போது நான் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டதுமே, கேட்காமலே வலது கையை நீட்டுகிறார்.

நான் இடது கையையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.